மண்டூர்த் திரையின் முன்னால்

மட்டக்களப்புக் குருமண்வெளித் துறையில் பாதை, அதுதான் ஆற்றைக் கடக்கிற மிதவை, வரும்வரை மகளின் நகங்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். பழகிய கண் இலேசில் விடாது. பத்து நகமும் நல்ல சிவப்பு. "ஏம்மா கையப் புடிச்சிக்கிட்டே நிக்கிறீங்க?" என்றாள். சும்மாதான் மகள் என்றேன்.

இதே துறையை முதன்முதலாக அவளோடு கடந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. நடு ஆற்றில் யாரோ மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடிக்க, திடுக்கிட்டு அழத் தொடங்கினாள். அழ அழ உதடு நாவற்பழ நிறமானது. பாதைப் பலகையில் அப்படியே இருந்து, அவளுடைய முழங்கால் இரண்டையும் மடித்து நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். கிளினிக்கில் சொல்லித்தந்தது அதுதான். கால் மடங்கி இரத்தக்குழாய்கள் அமுங்கும்போது உடம்புப் பக்கம் தடை கூடும். இரத்தம் நுரையீரல் பக்கம் திரும்பும். ஒரு ஐயா வந்து குடையை விரித்து வெயில் படாமல் பிடித்தார். அக்கரையான படுவான்கரையில் இறங்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை, குடையையும் மடக்கவில்லை. அவர் முகம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

அவளுக்கு இருந்தது டெட்ராலஜி ஒஃப் ஃபலோ. 1888இல் அதை விவரித்த பிரெஞ்சு வைத்தியரின் பெயர். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் வழி ஒடுக்கம், பெருநாடி அந்த ஓட்டைக்கு மேலே விலகி இருப்பது, தள்ளித் தள்ளி வலது கீழறைச் சுவர் தடித்துப்போவது என்று நான்கு குறைகள். சுத்தமாகாத இரத்தமும் கலந்து உடம்புக்குப் போவதால்தான் அந்த நீலம். நடக்கத் தொடங்கிய பிறகு, நாலடி ஓடுவாள், உடனே குந்திவிடுவாள். இப்படிக் குந்தச் சொல்லி யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் குந்தும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அடிவயிறு கலங்கும்.

"கிரகணத்துல வெளிய போனியா புள்ள?" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். அன்பாய்த்தான் கேட்டார்கள், ஆனால் ஒவ்வொருத்தர் கேட்கும்போதும் நான் செத்துப் பிழைத்தேன். இதே கேள்வி காதில் விழுந்துகொண்டிருக்கும் தாய்மாருக்காகச் சொல்கிறேன்: கரு தரித்த முதல் எட்டு வாரத்துக்குள்ளேயே இதயம் உருவாகி முடிந்துவிடும். வயிற்றில் பிள்ளை இருப்பதே அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. நூறு பிள்ளைகள் பிறந்தால் ஏறத்தாழ ஒரு பிள்ளைக்கு ஏதோ ஓர் இதயக் குறை இருக்கிறது. நம் பாவமும் இல்லை, முருகன் தந்த தண்டனையும் இல்லை.

அந்த முதல் பயணத்தில் நான் மண்டூர்க் கந்தனிடம் பேரம் பேசத்தான் போனேன். பிள்ளையைத் தா, வெள்ளியில் வேல் தருகிறேன் என்றேன். சின்னக் கதிர்காமம் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கோயிலில் மூலஸ்தானத்தைக் கண்ணால் காண முடியாது; திரைதான். சத்தமாய் மந்திரமும் இல்லை. எதிரில் முகம் தெரியாததால், என் மனதில் கிடந்ததையெல்லாம் கூச்சமில்லாமல் கொட்டிவிட்டு வந்தேன்.

பிறகு ஒப்பரேஷன். கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் ஒருநாள் காலையில் அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். இதயத்தை நிறுத்திவிட்டு, அதன் வேலையை ஒரு மெஷினிடம் கொடுத்து, ஓட்டையை அடைத்து, ஒடுங்கிய வழியை விரித்தார்கள். பின்னேரம் உள்ளே விட்டபோது உடம்பெல்லாம் குழாய். நான் பார்த்தது உதட்டை மட்டும். அந்தச் சிவப்பை என் பிள்ளையின் உதட்டில் அதற்கு முன் ஒருநாளும் நான் கண்டதில்லை.

இப்போது அவளுக்கு ஐந்து வயது. மடியில் வெள்ளி வேல், பக்கத்தில் அவளுடைய பாட்டி, எங்கள் பேச்சில் பெத்தா. பூசை நேரம் வெள்ளைச் சீலையால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்யும் கப்புகனார் திரைக்குள் போனார். மகள் என் காதோடு சொன்னாள்: "அம்மா, டொக்டர்மாரப் போல."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றும் வாயை மூடிக்கட்டியவர்கள்தான் கதவுக்கு அந்தப் பக்கம் போனார்கள். நான் இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே நடப்பது தெரியாமல் கைகூப்பி நிற்க இந்தத் திரை எனக்கு முதலே பழக்கித் தந்திருந்தது. பெத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மணி அடித்தது. அந்த நேரம் கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. "முருகா" என்றேன், அவ்வளவுதான்.

சர்க்கரைப் பொங்கல் தின்றதும் வாயைக் கொப்பளிக்க வைத்தேன். பல் பழுதானால் கிருமி இரத்தத்தோடு போய் இதயத்தில் தங்கிவிடலாம்; இந்தப் பிள்ளைகளுக்குப் பல் காவல் முக்கியம். இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனும் கிளினிக்கும் ஆயுளுக்கும் தொடரும். வால்வு கசியலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அந்த நேரத்தில் பார்த்துக்கொள்வோம்.

திரும்பும்போது பாதையில் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஓடினாள். பெத்தா "மெதுவா, மெதுவா" என்று சத்தம் போட்டார். நடுவில் சட்டென்று நின்றாள், குந்திவிட்டாள். எனக்கு மூச்சு நின்றுபோனது. பாய்ந்துபோய்ப் பிடித்தேன்.

"அம்மா, இஞ்ச பாருங்க, மீன்!"