கீ மாறினாலும் தோ மாறாது: மியூஸ்ஸ்கோரில் தொடக்கச் சுரங்களை எழுத வைத்த அனுபவம்

எங்கள் சபையின் கொயரில் ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டு இசைக்குறி) சரளமாக வாசிப்பவர்கள் குறைவு. மூத்தவர்கள் தோ, ரே, மீ என்று பாடும் டானிக் சோல்ஃபாவில் வளர்ந்தவர்கள். தோ எது என்று தெரிந்தால் போதும், தங்கள் சுரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ‘தோ = ஜி’ என்று கீயும், நான்கு குரல்களின் முதல் நோட்டில் அதன் சோல்ஃபா பெயரும் வேண்டும்.

இசைக்குறி எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் 4-இல் இதைக் கையால் எழுதுவது சுலபம். நோட்டைத் தொட்டு கண்ட்ரோல்-டி (Ctrl+T) அடித்தால் ஸ்டாஃப் டெக்ஸ்ட் வரும். சிக்கல் அப்புறம்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் பாதி சொப்ரானோவுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், கொயர் மாஸ்டர் “ஒரு டோன் இறக்கிடலாம்” என்பார். ட்ரான்ஸ்போஸ் (கீயை மாற்றும் கட்டளை) கொடுத்தால் நோட்டுகள் இறங்கும்; ‘தோ = ஜி’ அசையாமல் நிற்கும். கார்டு (chord) சிம்பல்கள் கூடவே மாறும், வெறும் எழுத்தை மென்பொருள் தொடாது.

எனவே மென்பொருளுடனே வரும், நோட்டுகளுக்குப் பெயர் எழுதும் ‘நோட் நேம்ஸ்’ பிளகினை (துணை நிரலை) நகலெடுத்து, டாக்குமெண்ட்ஸில் உள்ள பிளகின்ஸ் ஃபோல்டரில் வைத்து, நோட்பேடில் திறந்தேன். உள்ளே ஒவ்வொரு நோட்டுக்கும், அது எந்தச் சுரம் என்று காட்டும் டிபிசி (TPC) என்று ஓர் எண். எஃப் 13, சி 14, ஜி 15, டி 16, ஏ 17, இ 18, பி 19. ஷார்ப் என்றால் 7 கூடும், ஃப்ளாட் என்றால் 7 குறையும். பாட்டின் தொடக்கத்தில் கீயைக் காட்டும் ஷார்ப், ஃப்ளாட் குறிகளான கீ சிக்னேச்சரும் எண்ணாகவே கிடைக்கிறது: ஷார்ப்புகள் கூட்டல், ஃப்ளாட்டுகள் கழித்தல்.

டிபிசியிலிருந்து கீ சிக்னேச்சரைக் கழித்துப் பாருங்கள், எந்தக் கீயிலும் தோ 14 தான்! ஜி மேஜரில் ஒரு ஷார்ப்: 15-இல் 1 போக 14. எஃப்புக்கு இறக்கினால் ஒரு ஃப்ளாட்: 13-இலிருந்து மைனஸ் 1-ஐக் கழித்தால் மறுபடி 14. அப்படியே சோ 15, ரே 16, லா 17, மீ 18, தீ 19, ஃபா மட்டும் 13. மைனர் பாட்டுக்கும் தனியாக எதுவும் தேவையில்லை, நாங்கள் லாவை ஆதாரமாக வைத்தே பாடுகிறோம். பிளகினில் இருந்த ஏ, பி, சி பெயர்களை எடுத்துவிட்டு இந்த ஏழையும் தமிழில் போட்டேன்.

பிளகின் கண்ணில் படும் எல்லா நோட்டுக்கும் பெயர் எழுதிவிடும். முதல் பாரை மட்டும் செலக்ட் செய்வதும் பயன்படாது, ஏனென்றால் பேஸ் இரண்டு பார் சும்மா இருந்துவிட்டு நுழையும் பாட்டுகள் உண்டு. ஒவ்வொரு குரலிலும் ரெஸ்ட்டுகளைத் தாண்டி, முதல் நோட்டு கிடைத்ததும் நிற்கும்படி லூப்பில் ஒரு பிரேக் சேர்த்தேன். ஆல்டோ, பேஸ் பெயர்கள் ஸ்டாஃபுக்குக் கீழே போக வேண்டுமே என்று யோசித்தால், ஒரே ஸ்டாஃபில் இரண்டாவதாக எழுதும் வாய்ஸுக்கு அதைப் பிளகினே செய்து வைத்திருக்கிறது.

ஒரு குறை: கீயை மாற்றினால் பெயர்கள் தானாக மாறாது. பழையதை அழித்துவிட்டுப் பிளகினை மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு பெயரில் ரைட் கிளிக் செய்து, அதே வகை எல்லாவற்றையும் செலக்ட் செய்து அழிக்கிறேன். ‘இங்கே மூச்சு’ மாதிரிக் குறிப்புகள் ஸ்டாஃப் டெக்ஸ்டாக இருந்தால் அவையும் சேர்ந்து போய்விடும். அவற்றை எக்ஸ்பிரஷன் டெக்ஸ்டாக எழுதி வைத்தால் தப்பிக்கும்.