52ஆம் அட்டை

நவம்பர் 9, சனி

மிசிசாகாவில் பழைய விளையாட்டு அட்டைகளின் சந்தை. ஒரு மேசையில் பார்க்ஹர்ஸ்ட் நிறுவனத்தின் 1951-52 ஐஸ் ஹாக்கித் தொகுப்பிலிருந்து 52ஆம் அட்டை கிடந்தது: பில் பரில்கோவின் வெற்றி கோல். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மூலைகள் மழுங்கிப்போய், ஓரத்தில் ஒரு மடிப்பு. பின்பக்கத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை. அந்த வருடத்துத் தொகுப்பு முழுக்க அப்படித்தான். சூயிங்கத்தோடு பொட்டலத்தில் போடுமுன் அட்டைகளைச் சீமெந்து கலக்கும் இயந்திரத்தில் சுழற்றினார்கள் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். அந்த மூலைகளைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

விலை என் மாத வாடகையைத் தொட்டது. வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பரில்கோ கோல் போடுகிற ஆளே அல்ல. தடுப்பாட்டக்காரர். லீக் ஆட்டங்கள் 252, கோல்கள் 26 மட்டும், தவறுகளுக்காக வெளியே உட்கார்ந்த தண்டனை நிமிடங்களோ 456. இடுப்பைச் சட்டென்று திருப்பி, ஓடிவருகிறவனைத் தூக்கி எறிவதுதான் அவர் தொழில்.

ஒன்ராறியோவின் வடக்கே டிம்மின்ஸ், தங்கச் சுரங்க ஊர். அங்கே 1927இல் பிறந்தார். 1947 பெப்ரவரியில் ஹாலிவுட் வுல்வ்ஸ் என்ற சின்ன அணியிலிருந்து ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸுக்கு அழைப்பு வந்தபோது வயது 19. அதற்குப் பின் ஐந்து பருவங்களில், லீக்கின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பை நான்கு தடவை. லீஃப்ஸ் ரசிகர்கள் இந்த வரியை இரண்டுதரம் வாசிப்பார்கள். 1967க்குப் பிறகு நமக்கு ஒன்றுகூட இல்லையே! அண்ணன் அலெக்ஸோடு சேர்ந்து டான்ஃபோர்த்தில் வீட்டுச் சாமான் கடையும் வைத்திருந்தார்.

நவம்பர் 14, வியாழன்

வேலை முடிந்து வந்து அந்த கோலின் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தவர் நாட் துரோவ்ஸ்கி. 1951 ஏப்ரல் 21, மேப்பிள் லீஃப் கார்டன்ஸ். மொன்றியலோடு இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். ஐந்து ஆட்டங்களும் சமனாகி, முதல் கோலோடு முடிகிற கூடுதல் நேரத்துக்குப் போயின. இதில் கூடுதல் நேரம் 2 நிமிடம் 53 வினாடி ஓடியபோது பக் என்கிற ரப்பர் வட்டு வலைக்குள். படத்தில் கோல்காப்பாளர் ஜெரி மக்னீல் பின்னால் சரிகிறார். அடித்த வேகத்தில் பரில்கோவின் கால்கள் பனியிலேயே இல்லை. தடுப்பாட்டக்காரர் இருக்கவேண்டிய இடமா அது? தவறியிருந்தால் பயிற்சியாளர் ஜோ பிறீமோவிடம் வாங்கிக் கட்டியிருப்பார்.

நவம்பர் 17, ஞாயிறு

நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் 26. வடக்கே மீன்பிடிக்கப் போய்விட்டு, பல் வைத்தியர் ஹென்றி ஹட்சன் ஓட்டிய மிதவை விமானத்தில் திரும்பிய பரில்கோ வந்து சேரவில்லை. பெரிய தேடல் நடந்தது. லீஃப்ஸ் தலைவர் கான் ஸ்மைத் 10,000 டொலர் பரிசும் அறிவித்தார். பயனில்லை. 1962 ஜூனில்தான் கொக்ரேனுக்கு வடக்கே காட்டுக்குள் விமானத்தைக் கண்டார்கள்.

1951-52 குளிர்காலம் சூயிங்கம் பொட்டலம் பிரித்த பிள்ளைகளுக்குக் கிடைத்தது, காணாமல்போன ஒருவரின் படம். இடைப்பட்ட வருடங்களில் லீஃப்ஸ் வெல்லவேயில்லை. 1962 ஏப்ரலில் வென்றார்கள், இரண்டு மாதத்தில் உடல் கிடைத்தது. இதைச் சாபம் என்று சொல்லி அட்டையின் விலையை ஏற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான். அந்தக் காலத்தில் எதிரே இருந்தது கோர்டி ஹோவின் டெட்ராய்ட், பிறகு ஐந்து கோப்பைகளை வரிசையாக அள்ளிய மொன்றியல். சாபம் எதற்கு?

நவம்பர் 23, சனி

இன்று ஒரு கடையில் அதே தொகுப்பின் டாட் ஸ்லோன் அட்டையை வாங்கினேன். மூலைகள் மோசம், ஆனால் கைக்கெட்டும் விலை. பரில்கோ வெற்றி கோல் போட்ட அந்த இரவு லீஃப்ஸ் ஒரு கோல் பின்னால் இருக்க, இன்னொரு தாக்குதல்காரரை இறக்குவதற்காகக் கோல்காப்பாளர் அல் ரோலின்ஸை வெளியே எடுத்துவிட்டார்கள். 32 வினாடி மிச்சமிருந்தபோது கோல் போட்டுச் சமன் செய்தவர் ஸ்லோன். அதற்கு முந்தைய லீஃப்ஸ் கோலும் அவருடையதுதான். அவர் அடிக்காவிட்டால் கூடுதல் நேரமே இல்லை, 52ஆம் அட்டையும் இல்லை. கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் பத்து டொலர் குறைத்தார்.