குழித்துறை ஆற்று வெள்ளத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

எம்.இ. கடைசி வருடத் திட்டத்துக்கு கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓடும் எங்கள் குழித்துறை ஆற்றையே எடுத்துக்கொண்டேன். கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, தேங்காப்பட்டணத்தில் கடலுக்குப் போகிற ஆறு. 2021 நவம்பர் மழையில் இது எங்கெல்லாம் ஏறியது, எவ்வளவு உயரம் நின்றது என்பதைச் செயற்கைக்கோள் தரவும் நீரியல் மாதிரியும் (மழை ஆற்றில் வெள்ளமாக ஓடுவதைக் கணினியில் கணக்கிடுவது) வைத்துச் சொல்ல வேண்டும். மென்பொருளுக்குக் காசு செலவில்லை. வரைபட வேலைக்குக் கியூஜிஐஎஸ், செயற்கைக்கோள் படங்களுக்குக் கூகுள் எர்த் எஞ்சின், மழை எவ்வளவு வழிந்தோடும் என்று கணக்கிட அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவின் ஹெச்எம்எஸ், ஆற்றில் நீர்மட்டம் எவ்வளவு ஏறும் என்று கணக்கிட அவர்களின் ராஸ், எல்லாமே இலவசம்தான். பொறுமைதான் நிறைய செலவாகும்.

வெள்ளம் என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-1 எடுக்கும் ரேடார் படத்தை. மேகம் மறைக்காது, இருட்டும் தடையில்லை. அசையாத தண்ணீர் ரேடார் அலையைக் கண்ணாடி போல வேறு பக்கம் தள்ளிவிடுவதால் படத்தில் கறுப்பாக விழும். மழைக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் புதிதாக வந்த தண்ணீர் தனியாகத் தெரியும். திறந்த வயல்வெளியுள்ள டெல்டா மாவட்டங்களில் இது நன்றாக வேலை செய்யும். நம்மூரில் இரண்டு இடத்தில் மாட்டும். ஒரு செயற்கைக்கோள் அதே தடத்துக்குத் திரும்ப 12 நாள் ஆகும். நம் ஆற்றில் வெள்ளத்தின் உச்சமோ சில மணி நேரத்தில் கடந்துவிடும். அடுத்தது மரம். சென்டினலின் அலை நீளம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவுதான். தென்னை, ரப்பர் தோப்புகளின் தழையிலேயே பெரும்பாலும் சிதறிவிடும். அடியில் இடுப்பளவு தண்ணீர் நின்றாலும் மேலே ஒன்றும் தெரியாது. கறுப்பாகத் தெரிந்தவை ஏலாக்களும் (தாழ்வான வயல்வெளிகள்) குளங்களும்தான். அதிலும் பாதியில் மழைக்கு முன்பே தண்ணீர் கிடந்தது. அதனால் படத்தை விடையாக வைக்காமல், மாதிரி சொல்வதைச் சரிபார்க்கும் சாட்சிகளில் ஒன்றாக மட்டும் வைத்துக்கொண்டேன்.

நில உயரத்துக்கு ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டம் தரும், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி உள்ள உயரத் தரவு. அதுவும் மரத்தலையைத்தான் தரை என்று சொல்லும். குழித்துறைக்குக் கீழே ஆறு சில இடங்களில் மேட்டில் ஏறிப் போனது! மரத்தையும் கட்டடத்தையும் கழித்த ஃபேப்டெம் பதிப்புக்கு மாறி, ஆற்றின் தடத்தைக் கையால் வரைந்து தரவில் பதித்த பிறகுதான் தண்ணீர் ஒழுங்காகக் கடலைப் பார்த்து ஓடியது.

எனக்குப் பிடித்த வேலை நிலப்பயன்பாடு. உலக அளவிலான வரைபடங்களில் கோதையாற்றுக் காடும், குலசேகரம் பக்கத்து ரப்பரும், கீழே உள்ள தென்னையும் எல்லாம் ஒரே ‘மரம்’. மழை மண்ணில் இறங்குவது மூன்றிலும் ஒரே மாதிரி இல்லை. வழிந்தோடும் அளவைக் கணக்கிடும் வளைவு எண் மாறும். ரப்பரை மட்டும் எப்படிப் பிரிப்பது? இலையுதிர்வைப் பிடித்துக்கொண்டேன். தை, மாசியில் ரப்பர் தோட்டம் மொட்டையாக நிற்பதை இங்கே வளர்ந்த எல்லோரும் பார்த்திருப்போம். தென்னை அப்படி உதிர்க்காது, மலைக்காடும் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். சாதாரணக் கேமரா போல வெளிச்சத்தில் எடுக்கும் சென்டினல்-2 படங்களில் ஜனவரி, பிப்ரவரியில் பசுமைக் குறியீடு (இலைப் பச்சையின் அளவு) சட்டென்று இறங்கி, மார்ச்சுக்குள் ஏறுகிற இடங்களைத் தனியாக எடுத்தேன். திற்பரப்பு, அருமனை பக்கம் எனக்குத் தெரிந்த தோட்டங்களின் எல்லை அப்படியே வந்து விழுந்தது.

மழைக்கு, செயற்கைக்கோள்களை வைத்து மழையைக் கணிக்கும் நாசாவின் ஐமெர்க் அரைமணிக்கு ஒரு தடவை தரவு தரும். ஆனால் ஒரு கட்டம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். மாவட்டமே சுமார் 1,684 சதுர கிலோமீட்டர்தான். மலையில் முட்டிப் பெய்கிற மழையை அது குறைத்தே காட்டுகிறது. மலைப்பக்கம் பாலமோரில் கொட்டும்போது நாகர்கோவிலில் தூறல்கூட இல்லாத நாள் நமக்குப் புதிதில்லையே. ஆகவே மொத்த அளவை மழைமானிகளிடமிருந்து வாங்கினேன்: பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிவலோகம், சுருளோடு, அடையாமடை. அந்த மழை எந்த மணி நேரத்தில் எவ்வளவு விழுந்தது என்ற பங்கீட்டை மட்டும் ஐமெர்க்கிலிருந்து எடுத்தேன். முந்தைய மாதமே நல்ல மழை பெய்து மண் ஊறிக் கிடந்ததால், ஈர மண்ணுக்கான வளைவு எண்ணைத்தான் போட வேண்டியிருந்தது.

அணைதான் பெரிய தலைவலி. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள் எப்போது எவ்வளவு திறந்தன என்று தெரியாமல் இந்த ஆற்றில் ஒன்றும் செய்ய முடியாது. மணிக்கணக்கு விவரம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குக் கல்லூரிக் கடிதத்தோடு போனேன். ‘சார் லீவு’, ‘மேலே அனுப்பியிருக்கோம்’, அப்புறம் பதிலே இல்லை. கடைசியில் கைகொடுத்தது பழைய நாளிதழ்கள். நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து, வெளியேற்றம் எத்தனை கனஅடி என்று தினமும் போடுவார்கள். காலைக் கணக்குதான், நடுவில் நடந்தது இருக்காது. மறுகால் (உபரி நீர் மதகு) திறந்த நேரம் செய்தியில் வந்த நாட்களுக்கு அதைச் சேர்த்துக்கொண்டேன். அணையை மாதிரிக்குள் இயங்க விடாமல், திறந்த நீரை அணையடியில் நேராக ஆற்றில் விட்டேன்.

நின்ற உயரத்துக்குச் சாட்சி வீட்டுச் சுவர்கள். கரையோரம் ஒரு பாட்டி, “மக்களே, தண்ணி இன்னா இந்த ஜன்னல் கட்டையில நின்னுது. அதுக்கப்புறம் வெள்ளை அடிக்கவே இல்ல” என்று காட்டினார். செம்மண் கோடு அப்படியே இருந்தது. வெள்ளையடித்த வீடுகளில் சொல்வதை ஒரு சாணுக்கு முன்பின்னாக எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கோடுகளுக்கு ஒத்து வரும்வரை ராஸில் கரையின் உராய்வு எண்ணை (தண்ணீரின் வேகத்தைக் கரை எவ்வளவு தடுக்கிறது என்பதை) மாற்றிக்கொண்டே இருந்தேன். கடல் முனையில் ஏற்றநீரும் இறக்கநீருமாக இரண்டு ஓட்டம். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குப் பக்கத்தில்தான் வித்தியாசம், குழித்துறைப் பாலத்தில் ஒன்றும் மாறவில்லை.

மாவட்டத்தின் இன்னொரு ஆறான பழையாற்றில் இதைச் செய்யப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மென்பொருள் வரைந்து தரும் வடிநில எல்லையை (எந்தப் பரப்பின் மழை இந்த ஆற்றுக்கு வரும் என்ற எல்லை) அப்படியே நம்பாதீர்கள். பரளியாற்றுத் தண்ணீர் பாண்டியன் கால் என்ற கால்வாய் வழியாகப் பழையாற்றுப் பக்கம் போகிறது. கால்வாய் வரத்தைத் தனியாகச் சேர்த்துக்கொண்டு, அப்புறம் மழையைக் கொடுங்கள்.