3.9 செக்கன்

2024 ஏப்ரல் 6, சனிக்கிழமை காலை. நான் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். போன் அரிசி வாளியில் சாய்ந்து நின்றது. அங்கே கனடாவில், ஸ்காபரோவில் வெள்ளி இரவு. பெறாமகள் தன் போனை ரீவிக்கு நேரே பிடித்திருக்க, இங்கே மல்லாவியில் நான் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்களின் கூடைப்பந்து அரையிறுதி பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்ச் கிடைப்பது இப்படித்தான். பாதித் திரையில் ஆட்டம், மீதியில் அவளுடைய பெருவிரல்.

அயோவா 70, யூகொன் 69. மிச்சம் 3.9 செக்கன். பந்து யூகொன்னிடம். அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்துவிட்டது. சத்தம் மட்டும் வந்தது. முதலில் விசில், அடுத்து பெறாமகளின் அலறல், அதற்குப் பின்னால் அக்கா குசினியில் இருந்து "என்னடி நடந்தது?" என்று ஓடிவரும் சத்தம்.

நடந்தது இதுதான். யூகொன்னின் பேஜ் பூக்கர்ஸுக்கு வழி எடுத்துக் கொடுக்க, அதே அணியின் ஆலியா எட்வர்ட்ஸ் ஸ்கிரீன் போட்டார், அதாவது மறிக்க வருகிறவளின் பாதையில் குறுக்கே நின்றார். ஸ்கிரீன் போடுகிறவர் அசையாமல் நிற்க வேண்டும். எட்வர்ட்ஸ் அசைந்துவிட்டார் என்று பவுல். பந்து கைமாறியது, 71-69 என்று அயோவா வென்றது.

எட்வர்ட்ஸ் ஒன்ராறியோவின் கிங்ஸ்டன் பிள்ளை. அதனால் பெறாமகள் யூகொன் பக்கம். நான் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க்கின் ஆள். ஆகவே துள்ளினேன், அதை மறைக்கவில்லை. தேங்காய்ப்பூ பாதி நிலத்தில் கொட்டிவிட்டது. அதைக் கூட்டி அள்ளும்போதுதான் அவள் கேட்டாள்:

"சித்தி, போன வருசம் கிளார்க்குக்கு டெக்னிக்கல் குடுக்கேக்க நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

சொன்னது நினைவிருக்கிறது. இங்கே எழுத முடியாது. 2023 இறுதிப் போட்டி, எங்களுக்கு இரவு ஒரு மணிக்குத் தொடங்கியது. மூன்றாவது குவாட்டர் முடிகிற நேரம், ஏற்கனவே மூன்று பவுலோடு நின்ற கிளார்க், பந்தை நடுவரிடம் கொடுக்காமல் முதுகுக்குப் பின்னால் எறிந்தார். உடனே டெக்னிக்கல், நடத்தைக்கு ஊதுகிற பவுல். அது அவருடைய நாலாவது பவுலாகவும் எண்ணப்பட்டது. இன்னும் ஒன்று என்றால் வெளியே. அயோவாவின் மோனிகா சினானோ அன்றைக்கு ஐந்தும் முடிந்து வெளியேதான் போனார். எதிரணி எல்.எஸ்.யு. 102-85 என்று வென்றது. அவர்கள்தான் நன்றாக ஆடினார்கள், அதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு அந்த ஐந்தோடு. அமெரிக்கப் பெண்களின் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.யிலும் ஆட்டம் அதே 40 நிமிடம்தான், அங்கே ஆறு பவுல் வரை விடுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஐந்து. முதல் பாதியில் இரண்டு விழுந்தாலே கோச் பயந்து ஆளைக் கூப்பிட்டு இருத்திவிடுவார். நித்திரை முழித்து நான் பார்ப்பது யாரை? தோளில் துவாய் போட்டுக் கதிரையில் இருக்கிற கெட்டிக்காரியை.

வலைப்பந்தில் இந்தக் கணக்கே கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் கோல் டிபென்ஸ், எதிர்ப்பக்கம் கோல் போடாமல் மறிக்கிறவள். பிழை விட்டால் பந்து எறிகிறவளுக்குப் பக்கத்தில் கையைத் தொங்கப்போட்டு நிற்க வேண்டும். பந்து அவள் கையை விட்டுப் போனதும் திரும்ப ஆடலாம். தண்டனை அங்கேயே தீர்ந்துவிடும், அடுத்த குவாட்டருக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

அதற்காக வலைப்பந்து நடுவர்கள் எல்லோரும் தருமர்கள் என்று சொல்ல வரவில்லை. 2003, சமாதான காலம். வலய மட்ட இறுதி. செம்மண் கிரவுண்ட், சுண்ணாம்புக் கோடு, அரைவாசிக் கோடு காலில் ஒட்டிப் போய்விட்டது. பந்தோடு நிற்பவளில் இருந்து மூன்று அடி தள்ளி நின்றுதான் கையைத் தூக்கலாம் என்பது அப்போதைய சட்டம். அன்றைக்கு நான் இரண்டரை அடியில்தான் நின்றேன். முதல் குவாட்டரில் இருந்தே அப்படித்தான். எதிர்ப்பக்கத்துப் பிள்ளையும் அப்படித்தான். யாரும் ஊதவில்லை. அப்போ இன்றைக்கு இரண்டரைதான் மூன்று என்று நாங்கள் இரண்டு பேரும் விளங்கிக்கொண்டோம். சமநிலையில் கடைசி நிமிடம், நடுவருக்குத் திடீரென்று அடிக்கோல் ஞாபகம் வந்துவிட்டது. விசில். நான் ஒதுங்கி நிற்க, அவள் ஆறுதலாகக் குறி பார்த்துப் போட்டாள். தோற்றோம்.

அந்த விசில் சட்டப்படி சரி. அதுதான் இன்றுவரை எரிச்சல். பிழையான தீர்ப்பு என்றால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

எட்வர்ட்ஸின் வீடியோத் துண்டைப் பெறாமகள் வட்சப்பில் அனுப்பினாள், ஒரு பத்துத் தரமாவது பார்த்திருப்பேன். அசைந்தார். பவுல்தான். ஆனால் யூகொன் கோச் ஜீனோ ஆரியம்மா பிறகு சொன்னதும் உண்மைதான்: ஒவ்வொரு முறை பந்து வரும்போதும் அப்படி ஒரு ஸ்கிரீன் பவுல் ஊதலாம். பூக்கர்ஸ்தான் பெருந்தன்மையாக, ஒரு விசிலால் ஆட்டம் தோற்பதில்லை என்றார். அந்த வயதில் எனக்கு அந்தப் புத்தி இருக்கவில்லை, கிரவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்து அழுதேன்.

அடுத்த கிழமை சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டு. வலைப்பந்துக்கு நடுவர் வரவில்லை, என் கையில் விசிலைத் தந்துவிட்டார்கள். எனக்கு ஒரே வைராக்கியம். முதல் நிமிடத்தில் இருந்தே கண்ட பிழைக்கெல்லாம் ஊதினேன். ஆட்டம் நகரவே இல்லை. "பிள்ளையளை விளையாட விடுறியோ, இல்லையோ?" என்று ஒரு தாய் குடையை நீட்டிக் கத்தினா. மூன்றாவது குவாட்டரில் எனக்கே வாய் உலர்ந்துவிட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்.

இரவு பெறாமகள் கேட்டாள். "கடைசி நிமிசத்தில ஊதினீங்களோ சித்தி?"

கடைசி நிமிடத்தில், ஒரு கோல் வித்தியாசத்தில், டிபென்ஸ் பிள்ளையின் கால் எங்கே நின்றது என்பதை நான் தெளிவாகப் பார்த்தேன்.

லைன் வெட்டுப்படுகிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.