கேட்காமல் போன சத்தம்

பேஸ்பாலில், பந்தை அடித்தவன் ஓடிவந்து தொட வேண்டிய முதல் இடம்தான் முதல் பேஸ். அங்கே நிற்கும் அம்பயர் கண்ணால் பார்ப்பது ஓடிவருபவனின் காலை மட்டும்தான். பந்து வந்து சேர்ந்ததைக் காதால்தான் அறிய வேண்டும். கால் தரையில் படுகிறது, பந்தோ நெஞ்சு உயரத்தில் கையுறைக்குள் விழுகிறது. பக்கத்தில் நின்றால் இரண்டும் ஒன்றாகக் கண்ணுக்குள் வராது. அதனால் பார்வையைப் பேஸில் நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்துக்குக் காத்திருப்போம். சத்தம் முந்தினால் அவுட், கால் முந்தினால் சேஃப்.

இதை நான் பழகியது பள்ளத்தூரில், நாங்கள் வாடகைக்கு இருந்த செட்டியார் வீட்டு வளவில். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பூ முடிந்து கரை தொடங்கும் கோடுதான் என் முதல் பேஸ். மகன் அந்தக் கோட்டை மிதித்து ஓடுவான். பக்கத்து வீட்டுப் பையன் எறியும் பந்தை அவன் தம்பி பிடிப்பான். வீட்டு ஆச்சி ஒன்றும் சொல்ல மாட்டார்கள். "வத்தல் காயுது, பாத்து எறியுங்கப்பா" என்பதோடு சரி. தூண்களுக்கு நடுவே சின்னச் சத்தமும் கணீரென்று கேட்கும்.

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். பள்ளிப் போட்டி, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று அம்பயராக நின்று, கடைசியில் தைவானில் நடந்த ஓர் இளையோர் சர்வதேசப் போட்டிக்கு அழைப்பு வந்தது. விமான டிக்கெட் என் செலவு. ஏலச்சீட்டு எடுத்துப் போனேன்.

அங்கே பேஸ்பால் என்பது விளையாட்டுக்கும் மேலே. அவர்களுடைய 500 டாலர் நோட்டிலேயே சிறுவர் பேஸ்பால் அணி ஒன்று குதூகலிக்கும் படம் இருக்கிறது. 1968இல் ஹோங்யே என்ற மலைக் கிராமப் பள்ளிப் பையன்கள், கம்பும் கல்லும் வைத்துப் பழகியவர்கள், ஜப்பானிலிருந்து வந்த அணியை வென்றார்கள். அதை அங்கே இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். பேட்டர் அடிக்க வேண்டிய எல்லைக்குள் வரும் பந்தை, நாம் ஸ்டிரைக் என்பதை, அவர்கள் 'நல்ல பந்து' என்றும், எல்லைக்கு வெளியே போகும் பந்தை, நாம் பால் என்பதை, 'கெட்ட பந்து' என்றும் சொல்வார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பிடித்துப்போன சொற்கள்.

உள்ளூர் அணி பேட் செய்யும்போது ரசிகர்கள் கொட்டும் குழலும் நிறுத்துவதே இல்லை. அணி ஆடும் நேரம் முழுக்க வாசிப்பு, ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு பாட்டு. மூன்றாம் நாள் ஆட்டத்தில் முதல் பேஸ் என் பொறுப்பு. உள்ளூர்ப் பையன் தரையோடு அடித்துவிட்டு 90 அடியையும் உயிரைக் கொடுத்து ஓடிவந்தான். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தார். கால் பேஸில் பட்டதைப் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை. கொட்டுச் சத்தத்துக்குள் அது எங்கேயோ போய்விட்டது. நிமிர்ந்தபோது பந்து கையுறையில் இருந்தது. கை தானாக மேலே போனது. அவுட்.

பயிற்சியாளர் மொழிபெயர்ப்பாளரோடு வந்து, கால் முந்தியது என்று அமைதியாகச் சொன்னார். விதிப்படி, அம்பயர் தன் கணிப்பில் சொல்லும் தீர்ப்பு முடிவானது. அந்தப் போட்டியில் வீடியோ பார்த்து மாற்றும் வழியும் கிடையாது. "நான் பார்த்ததைச் சொன்னேன்" என்றேன். அது முழு உண்மை இல்லை. பார்த்தது பாதி. கேட்காத மறுபாதியை நான் ஊகித்தேன்.

இரவு யாரோ எடுத்த வீடியோவைச் செல்பேசியில் மெதுவாக ஓட்டினோம். கால் பேஸில் இருக்கிறது. பந்து இன்னும் ஒரு சாண் வெளியே. எங்கள் குழுவின் மூத்தவர் பிலிப்பைன்ஸ்காரர். அவர் என்னைத் தேற்றவில்லை. 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் நடந்ததைச் சொன்னார். அர்மாண்டோ கலராகா என்ற பிட்சர், அதாவது பந்தெறிபவர், வரிசையாக 26 பேரை அவுட் ஆக்கிவிட்டார். 27ஆம் ஆளும் விழுந்தால் பெர்ஃபெக்ட் கேம், ஒருவரையும் பேஸ் ஏற விடாத ஆட்டம். முதல் பேஸில் நின்ற அம்பயர் ஜிம் ஜாய்ஸ், அவுட் ஆனவரைச் சேஃப் என்றுவிட்டார். பிறகு வீடியோ பார்த்து, அழுதுகொண்டே கலராகாவிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள், பேட்டர் நின்று ஆடும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஜாய்ஸ்தான் நின்றார். அணிப் பட்டியலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தவர் கலராகா.

"நாளைக்கு நீயும் பிளேட்டில்தான். அதே அணி" என்றார் மூத்தவர்.

தூக்கம் வரவில்லை. பிள்ளைகளுக்கு ஏதாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. எங்கள் பக்கம் கோயில் திருவிழாக் கபடியில் இது வழக்கம். ஒரு பாயிண்ட் தப்பிவிட்டால் ஊர்ப் பெரியவர் வந்து, "அங்கிட்டு ஒண்ணு போயிருச்சு சார், இங்கிட்டு ஒண்ணு குடுத்துச் சரிக்கட்டிருங்க" என்பார். நானும் இளம் வயதில் இரண்டு மூன்று முறை அப்படிச் சரிக்கட்டியிருக்கிறேன். ஊரே அமைதியாகிவிடும்.

அப்பா ஒரு செட்டியார் கடையில் கணக்கெழுதியவர். பேரேட்டில் பத்து ரூபாய் தப்பாக ஏறிவிட்டால், எதிர்ப் பக்கம் இன்னொரு பத்தைப் பொய்யாக எழுதி ஐந்தொகையை நேராக்குவது சுலபம். அவர் ஒருநாளும் செய்ததில்லை. தப்பை முதலாளியிடம் சொல்லிவிட்டு, இன்ன தேதிப் பற்றில் பிழை என்று குறித்துத் திருத்துவார். "இல்லாட்டி தப்பு ரெண்டாயிருமேப்பா" என்பார். தைபேயின் விடுதி அறையில் அந்தக் குரல்தான் கேட்டது.

மறுநாள் பட்டியல் வாங்கும்போது அந்தப் பயிற்சியாளரிடம், "நேற்று முதல் பேஸில் நான் தவறிவிட்டேன். உங்கள் பையன் சேஃப்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் பட்டியலைக் கொடுத்தார்.

கடைசி இன்னிங்ஸ். அவர்கள் ஒரு ரன் பின்தங்கியிருந்தார்கள். இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் ஆள், பேட்டருக்கு இரண்டு ஸ்டிரைக். இன்னும் ஒரு ஸ்டிரைக் விழுந்தால் அவர் அவுட், ஆட்டமும் முடிந்துவிடும். கொட்டு உச்சத்தில். பந்து வெளிப்பக்கம், முழங்கால் உயரத்தில் வந்தது. பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அந்த விளிம்பை உரசிக்கொண்டு போயிற்று. பேட்டர் அடிக்காமல் விட்டுவிட்டார். பால் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் என்னைக் கேட்டிருக்க முடியாது. கேட்சரின் கையுறையில் விழுந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒரு மூச்சு பொறுத்தேன். ஸ்டிரைக் என்றேன். ஆட்டம் முடிந்தது.

பையன் பிளேட்டிலேயே உட்கார்ந்து அழுதான். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது சுலபமாக இல்லை. இன்றைக்கும் அந்த முகம் நினைவில் இருக்கிறது. ஆனால் அது நல்ல பந்து.

இப்போது பள்ளி மைதானத்தில் புதிதாக அம்பயர் பழக வருபவர்களை முதல் பேஸில் நிறுத்திவிட்டு, பேண்டு வாத்தியப் பையன்களைப் பக்கத்திலேயே வாசிக்கச் சொல்கிறேன். சத்தம் கேட்காத இடத்தில் நாலைந்து அடி பின்னால் தள்ளி நிற்க வேண்டும். காலும் கையுறையும் அப்போதுதான் ஒரே பார்வைக்குள் அடங்கும். அன்றைக்கு நான் செய்யாதது அதைத்தான். ஆளின் உயரத்துக்கும் எறி வரும் கோணத்துக்கும் தகுந்தபடி அந்த இடம் மாறும். செம்மண்ணில் அவரவர் குதிகாலால் கோடு போட்டு, எங்கே நின்றால் இரண்டும் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். டிரம் அடிக்கும் எட்டாம் வகுப்புப் பையனிடம், இன்னும் பலமாக அடி தம்பி என்று சொல்லியிருக்கிறேன்.