இருபதுதானே என்று வாங்கிய நூறு பங்கு

முதல் தடவை பங்கு வாங்க உட்கார்ந்தபோது நான் பார்த்தது விலையை மட்டும்தான். ஒரு கம்பெனியின் பங்கு 20 ரூபாய், இன்னொன்றுடையது 2,000. கையில் இருந்த பணத்துக்கு இரண்டாவதில் ஒன்றுதான் கிடைக்கும், முதலாவதில் நூறு. யோசிக்கவே இல்லை, நூறை வாங்கிவிட்டேன். நூறு பங்குக்குச் சொந்தக்காரன் என்ற மிதப்பு வேறு!

சில வாரம் கழித்துத்தான் ஆண்டறிக்கையைப் புரட்டினேன். என் கம்பெனி வெளியிட்டிருந்தது 100 கோடிப் பங்குகள். 20ஆல் பெருக்கினால் 2,000 கோடி. அதுதான் மொத்தக் கம்பெனிக்கும் சந்தை போட்டிருந்த மதிப்பு. 2,000க்கு விற்றதில் இருந்ததோ 50 லட்சம் பங்குகள்தான், மதிப்பு 1,000 கோடி. அத்தோடு போகவில்லை. என் கம்பெனியின் வருட லாபம் 40 கோடி, அதனுடையது 100 கோடி. அதாவது லாபத்தைப் போல 50 மடங்கு விலை கொடுத்து நான் வாங்கியிருந்தேன். வேண்டாம் என்று விட்டது வெறும் 10 மடங்கில் கிடைத்தது. இந்த மடங்கைத்தான் பி.இ. விகிதம் என்கிறார்கள். அது குறைந்தாலே நல்ல பங்கு என்றும் சொல்லிவிட முடியாது. வரும் வருடங்களில் லாபம் சரியும் என்று சந்தை நினைத்தாலும் குறைவாகத்தான் இருக்கும்.

பங்குப் பிரிப்பும் அதற்குப் பிறகுதான் பிடிபட்டது. 2020இல் ஆப்பிள் ஒரு பங்கை நான்காகப் பிரித்தது. ஒன்று வைத்திருந்தவர் கையில் நான்கு, ஒவ்வொன்றின் விலையும் கால்வாசி. கம்பெனியில் அவருக்கிருந்த உரிமையின் அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்புறமும் அடங்கினேனா? டிவிடெண்ட், அதாவது பங்குதாரர்களுக்கு லாபத்திலிருந்து பிரித்துத் தரும் பணம், அறிவித்த ஒரு பங்கை, அது கிடைக்க வாங்கவேண்டிய கடைசி நாளில் ஓடிப்போய் வாங்கினேன். மறுநாள் சந்தை திறந்ததும் விலை கிட்டத்தட்ட அந்த டிவிடெண்ட் அளவுக்கே இறங்கியிருந்தது. கம்பெனியின் கஜானாவிலிருந்து வெளியே போகும் பணம்தானே, விலையில் தெரியாமல் இருக்குமா? அதிகம் கைமாறாத இன்னொரு பங்கை மார்க்கெட் ஆர்டரில், அதாவது கிடைக்கிற விலைக்கே கொடு என்று கேட்டு, திரையில் பார்த்ததைவிடக் கூடுதல் விலை கொடுத்தது தனிக்கதை. இப்போது லிமிட் ஆர்டர் மட்டும்தான், இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன்.

அந்த நூறு பங்கும் இன்னும் கணக்கில் இருக்கின்றன. நம்பிக்கையெல்லாம் இல்லை. விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடுமே என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.