கோம்பையின் கொம்பு

வண்டன்மேட்டு ஏலக்காய் முதலாளி ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, பழைய கணினி படுத்துவிட்டது. கணக்குக் கோப்புகள் பென்டிரைவில் இருக்கின்றன. புதியதில் திறந்து கொடு." கம்பமெட்டு வழியாக மலை ஏறினேன்.

1998இல் ஃபாக்ஸ்ப்ரோ 2.6 என்ற பழைய தரவுத்தளக் கருவியில் எழுதிய மென்பொருள். 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸ் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். ஆனால் நிரல் வேறு, தரவு வேறு. தரவு இருக்கும் டிபிஎஃப் கோப்பை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்ததும் வந்துவிட்டது. இந்த வடிவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. எண்ணையும் தேதியையும் வெறும் எழுத்தாகவே வைத்திருக்கும். 2003 நவம்பர் 14 என்றால் 20031114. நோட்பேடில்கூடப் படிக்கலாம். பச்சைக்காய் எத்தனை கிலோ, ஸ்டோர் எனும் உலர்த்துகூடத்தில் உலர்ந்தபின் எத்தனை கிலோ, எல்லாம் பத்திரமாக இருந்தன.

ஊர்ப்பெயர்கள்தாம் இல்லை. தலையில் பொட்டு வைத்த ஐரோப்பிய எழுத்துகள் அங்கே கொட்டிக்கிடந்தன. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தன்னிஷ்டத்துக்குக் குறியீடு வைத்துக்கொண்டவை. தமிழக அரசு டாம், டாப் என்று தரம் வகுத்ததே 1999இல்தான். பழைய அச்சுத்தாள் ஒன்றை வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று அட்டவணை போட்டேன். கம்பம் சமர்த்தாக வந்தது. கோம்பை வரவில்லை. பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் சேமிப்பு: இரட்டைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் க முன்னால். கொம்பும் காலும் ஒரே குறியாகப் பின்னால். என் முதல் முயற்சியில் கொம்பு புள்ளிவட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. போடிக்கும் தேவாரத்துக்கும் அதே கதி. அன்றைய பகல் இதிலேயே போயிற்று.

குறிப்புகளுக்கான நெடுவரிசை மட்டும் காலி. கோப்பின் முதல் பைட் எஃப்5. கூடவே குறிப்புகளை வைத்திருக்கும் எஃப்பிடி கோப்பு ஒன்று இருந்தாகவேண்டும் என்று பொருள். நகல் எடுத்தவர் டிபிஎஃப்பை மட்டும் எடுத்திருக்கிறார். யாருக்கு என்ன முன்பணம், எதற்காக என்பதெல்லாம் விட்டுப்போனதில்தான் இருந்தன.

"பழைய ஹார்ட் டிஸ்க் எங்கே அண்ணே?"

"இரும்புக் கடைக்குப் போய்விட்டது."

மிஞ்சியதை யூனிகோடில் சிஎஸ்வி என்ற வெற்றெழுத்து அட்டவணைக் கோப்பாக ஒன்று, எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பாக ஒன்று வைத்தேன். எஸ்கியூலைட்டை எழுதியவர்கள் 2050 வரை ஆதரவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

"முன்பணம் வாங்கியவர்கள் அதுவரை இருப்பார்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு நோட்டை எடுத்து நினைவிலிருந்து பெயர்களை எழுதத் தொடங்கினார்.